ஐந்து தோழிகளும் பதினான்கு நாள் பிரான்ஸும்

கேள்வி: கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த ஐந்து பேர் நாங்கள். நான் திருச்சி. மற்றவர்கள் சென்னை, கோவை, மதுரை, அமெரிக்காவில் நியூ ஜெர்சி. எல்லோருக்கும் ஐம்பது வயது ஆகிறது. அதற்காக ஜூலை கடைசியில் 14 நாள் பிரான்ஸ் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பாரிஸ், வெர்சாய், மோன் சான் மிஷேல், லுவார் அரண்மனைகள், போர்தோ, லூர்து, லாவண்டர் வயல்கள், நீஸ், ஸ்ட்ராஸ்பூர்க் என்று ஒன்பது இடங்கள் பட்டியலில் இருக்கின்றன. கார் எடுத்தால் தான் ஓட்டுவதாகக் கோவைத் தோழி சொல்கிறாள். சென்னைத் தோழிக்கு மூட்டுவலி. நான் முட்டைகூடச் சேர்க்காத சைவம். மதுரைத் தோழி கணவரின் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்ததற்காக லூர்து மாதாவிடம் நேர்ந்திருக்கிறாள். நியூ ஜெர்சித் தோழி "செலவைப் பற்றிக் கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். அதுதான் எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. போன வருடம் கூர்க் போய் வந்தபின் எங்களில் இரண்டு பேர் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. இந்த முறை அப்படி ஆகக் கூடாது. எப்படித் திட்டமிடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஊர்ப் பட்டியல்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை படித்தபோதுதான் நீங்கள் வழி கேட்கவில்லை, பயத்தைச் சொல்கிறீர்கள் என்று புரிந்தது. நான் இருபது வருடத்துக்கும் மேலாக நம் ஊரிலிருந்து சிறு குழுக்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகிறேன். நண்பர்கள் சண்டை போட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கோட்டையைப் பார்க்காமல் விட்டதற்காக யாரும் சண்டை போட்டதில்லை. "எனக்கு இன்றைக்கு இது வேண்டாம், நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்ல முடியாமல் நான்கு நாள் அடக்கிவைத்து, ஐந்தாம் நாள் ஒரு காபி பில்லில் வெடித்ததுதான் அதிகம்.

அதனால் லூர்திலிருந்தே தொடங்குகிறேன். மதுரைத் தோழிக்கு அது பட்டியலில் ஆறாவது ஊர் கிடையாது, நேர்த்திக்கடன். 1858-இல் பெர்னதெத் சுபிரூ என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு மாதா பதினெட்டு முறை காட்சி தந்ததாக நம்பப்படும் குகை அங்கே இருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தினமும் இரவு ஒன்பது மணிக்கு மெழுகுவர்த்திப் பவனி நடக்கும். காற்றில் அணையாமல் இருக்க மெழுகுவர்த்தியைச் சுற்றி ஒரு காகிதக் கூண்டு. கோடையில் அந்த நேரத்துக்கு இன்னும் வெளிச்சம் இருக்கும். பாட்டு தொடங்கும்போது வானம் நீலமாக இருக்கும், முடியும்போது நூற்றுக்கணக்கான சுடர்கள்தான் தெரியும். சக்கர நாற்காலிகளில் வரும் நோயாளிகளுக்குத்தான் அங்கே முதலிடம். இதை "ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பலாமா?" என்று கேட்கும் நான்கு பேரோடு பார்க்க முடியாது. அவர்கள் கேட்காவிட்டாலும் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பே அவரை ஜெபிக்க விடாது.

அவரை லூர்துக்குத் தனியாக அனுப்பிவையுங்கள். முழுக்கத் தனியாக வேண்டாம், விருப்பமுள்ள ஒருவர் கூடப் போகட்டும். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து லூர்துக்கு நேரடி டிஜிவி (அதிவேக) ரயில் இருக்கிறது, சுமார் ஐந்து மணி நேரம். அங்கே இரண்டு இரவு தங்கட்டும். மற்ற மூவரும் பாரிஸிலேயே இருங்கள். மூன்றாம் நாள் அவர்கள் துலூஸ் வழியாக ரயில் மாறி, லாவண்டர் வயல்களுக்குப் போய்வர வசதியான தென்பகுதி ஊரான அவின்யோன் வரட்டும், நீங்கள் பாரிஸிலிருந்து நேராக அவின்யோன் வந்துவிடுங்கள், இரண்டே முக்கால் மணி நேரம்தான். அன்று இரவுச் சாப்பாட்டில் ஐந்து பேருக்கும் பேச ஏராளமாக இருக்கும். நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருந்தால் மூன்றாம் நாளே பேச்சு தீர்ந்துவிடும். இது நான் கண்கூடாகப் பார்த்தது.

சரி, மற்ற எட்டு இடங்கள்? ஒன்பது இடம் என்றால் எட்டு முறை பெட்டி கட்ட வேண்டும். அறையைக் காலை பத்து, பதினொரு மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குத்தான் சாவி தருவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் போகும். பதினான்கில் நான்கு நாள் பெட்டியோடு கழியும். மூன்றே இடத்தில் தங்குங்கள் என்பதுதான் என் யோசனை: பாரிஸில் ஆறு இரவு, அவின்யோனில் நான்கு, நீஸில் மூன்று. விமானச் சீட்டைப் போகும்போது பாரிஸ், திரும்பும்போது நீஸ் என்று ஒரே பதிவாக எடுங்கள். துபாய் வழியாக நீஸிலிருந்து திரும்ப வசதி உண்டு. பாரிஸுக்குத் திரும்பும் ஒரு நாள் மிச்சம். வெர்சாய் பாரிஸிலிருந்து ஒரு பகல் பயணம்தான். ஸ்ட்ராஸ்பூர்க், போர்தோ, மோன் சான் மிஷேலை இந்த முறை விட்டுவிடுங்கள். லுவார் அரண்மனைகளை விடச் சொல்வதில்தான் எனக்கே மனம் கொஞ்சம் வலிக்கிறது. ஷெனோன்சோ அரண்மனை ஷேர் ஆற்றின் குறுக்கே பாலம்போல் நிற்கும் அழகு வேறெங்கும் கிடையாது. இருந்தாலும் விடுங்கள்.

தேதியையும் மாற்றச் சொல்வேன். ஜூலை கடைசி என்று ஏன் முடிவானது என்று நீங்கள் எழுதவில்லை. கட்டாயம் ஏதும் இல்லையென்றால் ஜூன் 19 வாக்கில் போய் ஜூலை 2 வாக்கில் திரும்புங்கள். பிரான்சில் பள்ளி விடுமுறை ஜூலை முதல் வாரத்தில் தொடங்கும். ஜூலை விடுமுறைக்காரர்கள் திரும்புவதும் ஆகஸ்ட் விடுமுறைக்காரர்கள் கிளம்புவதும் நீங்கள் குறித்திருக்கும் அதே வாரக் கடைசியில்தான். சாலை நெரிசலுக்குப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று அரசே நிறம் அறிவிக்கும் நாடு அது. அந்தச் சனிக்கிழமைக்கு அநேகமாகக் கறுப்பு. அவின்யோனில் ஜூலை முழுக்க நாடக விழா, 1947-இலிருந்து நடப்பது, அறை கிடைப்பதே பாடு. பாரிஸிலோ ஆகஸ்ட் வந்தால் தெருமுனை ரொட்டிக் கடைகூட "ஆண்டு விடுமுறை" என்று பலகை மாட்டிவிடும். இன்னொன்று, உங்கள் லாவண்டர். வாலான்சோல் பீடபூமியில் ஜூலை பாதிக்குமேல் அறுவடை தொடங்கிவிடும். நீங்கள் போகும்போது அறுத்த தாள்தான் மிஞ்சியிருக்கும்.

ஜூனில் போனால் தானாக வந்து சேர்வது நிறைய. ஜூன் 21 இரவு நாடு முழுக்க இசைத் திருநாள், 1982-இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று பாடலாம், வாசிக்கலாம், கேட்கக் காசு கிடையாது. கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசி வாரப் புதன்கிழமை தொடங்கும். லூர்துக்குப் போகாதவர்களுக்குப் பாரிஸில் அது போதாதா? இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் மத்தியானம் தூங்கி எழுந்துகூட நாளை இழக்காமல் இருக்கலாம்.

இப்போது பணம். இதில்தான் நீங்கள் எல்லோரும் வாயைத் திறக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நான் அழைத்துப்போன நான்கு தோழிகளை அவின்யோனின் கடிகாரச் சதுக்கத்தில் ஒரு காபிக் கடையில் பார்த்தேன். பில் 14 யூரோ. வசதியான ஒருவர் வழக்கம்போலக் கார்டை நீட்டினார். எதிரே இருந்தவர் தன் பர்ஸைத் திறந்து, மூன்று யூரோ ஐம்பது சென்ட்டைச் சில்லறையாக எண்ணி, மேசைமேல் ஒவ்வொரு நாணயமாக வைத்தார். கடைசி நாணயத்தை வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. கார்டு கொடுத்தவர் "இது என்னடி?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்று மாலை அவர்கள் பாலம் பார்க்க இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். கொடுத்தவர் கெட்டவர் இல்லை, எண்ணி வைத்தவரும் இல்லை. கிளம்புவதற்கு முன் யாரும் இதைப் பேசாததுதான் தவறு. அந்தக் குழுவோடு இருந்த நானும் பேசவைக்கவில்லை, அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ஐந்து பேரிடமும் தனித்தனியாக, குழுவில் அல்ல, போனில், "விமானச் செலவு தவிர உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள். வருவதிலேயே குறைந்த தொகை எதுவோ அதுதான் எல்லோருக்கும் அளவு. அது யாருடையது என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். தங்குமிடம், ரயில், பொதுவான சாப்பாடு எல்லாம் அந்த அளவுக்குள் இருக்கட்டும். அங்கே இறங்கியதும் ஆளுக்கு 100 யூரோ போட்டு ஒரு ஜிப் வைத்த சின்னப் பையில் பொதுப்பணம் வையுங்கள். காபி, டாக்சி, பழம், தண்ணீர் எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் ஆளுக்குச் சமமாக மறுபடி போடுங்கள். பையை வைத்திருப்பவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாறட்டும். அப்போதுதான் ஒருவரே கணக்குப்பிள்ளையாகி அலுத்துப்போக மாட்டார். செலவைப் பங்கு பிரித்துக் கணக்குப் போடும் டிரைகவுண்ட், ஸ்ப்ளிட்வைஸ் செயலிகள் நல்லவைதான், அறை வாடகை போன்ற பெரிய செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காபிக்கு வேண்டாம்.

அருங்காட்சியகச் சீட்டு அவரவர் பணம். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியரல்லாத பார்வையாளர்களுக்கு லூவ்ர் 32 யூரோ. பிடிக்காதவர் நட்புக்காக அந்தக் காசைக் கொடுத்து உள்ளே போய்க் கால் வலிக்க நடக்க வேண்டியதில்லை. வெளியே துயிலரி தோட்டத்தில் பச்சை இரும்பு நாற்காலிகள் இலவசமாகக் கிடக்கும், அங்கே உட்காரட்டும். போவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள்.

நியூ ஜெர்சித் தோழியின் மனதையும் நோகடிக்காதீர்கள். "நீ எல்லாவற்றுக்கும் கொடுக்காதே, ஒன்றே ஒன்றைப் பரிசாகக் கொடு" என்று கேளுங்கள். பாரிஸில் முதல் இரவு சேன் நதியில் படகா, கடைசி இரவு நீஸில் விருந்தா, அவரே தேர்ந்தெடுக்கட்டும். கிளம்பும் முன்பே எல்லோருக்கும் தெரியட்டும். அன்று யாரும் பர்ஸைத் தொடக் கூடாது.

சென்னைத் தோழியின் மூட்டுக்கு வருகிறேன். பாரிஸ் மெட்ரோவில் பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் இல்லை, படிதான், அதுவும் ரயில் மாறும் இடங்களில் ஏறி இறங்கி ஏற வேண்டும். பேருந்தை நம்புங்கள். 69-ஆம் எண் பேருந்து ஈஃபில் கோபுரத்தடியிலிருந்து கிளம்பி ஓர்சே, லூவ்ர், பாஸ்டில் என்று ஓடி பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தையும் தாண்டிப் போகும். பயணச் சீட்டு விலைக்கு ஊர் சுற்றிப் பார்த்த மாதிரி. வீடு வாடகைக்கு எடுத்தால் விளம்பரத்தில் மூன்று விஷயம் பாருங்கள். லிஃப்ட் உண்டா, குளியலறை இரண்டா, ஏசி உண்டா. அங்கே பழைய வீடுகளில் ஏசி அபூர்வம், ஜூன் கடைசியில் வெயில் அலை வந்தால் இரவிலும் புழுங்கும். ஏசி இல்லையென்றால் அந்த ஊர்க்காரர்கள் செய்வதையே செய்யுங்கள்: பகல் முழுக்க ஜன்னல்களின் மரக்கதவுகளை மூடிவைத்து, பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுங்கள். அவின்யோனில் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை வெளியே திரிய வேண்டாம். ஐம்பது வயதுப் பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் இன்னொன்று, கழிப்பறை. பாரிஸ் தெருக்களில் சாம்பல் நிறத்தில் தானியங்கிக் கழிப்பறைகள் நிற்கும், இலவசம். கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

உங்கள் சாப்பாடு. "வெஜிடேரியன்" என்று சொன்னால் அங்கே முட்டையும் சீஸும் வரும். "சான் வியாண்ட், சான் புவாசோன், சான் எஃப்" என்று ஒரு சீட்டில் எழுதிவையுங்கள், இறைச்சி, மீன், முட்டை இல்லாமல் என்று பொருள். காய்கறி வைத்துச் சுட்ட பை (pie) பலகாரத்திலும் சாலட்டிலும் பன்றிக்கறித் துண்டுகள் பொடியாகக் கிடக்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். சீஸ் சாப்பிடுவீர்கள் என்றால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து மனம் கஷ்டப்படக் கூடாது. பாரம்பரியச் சீஸ்களில் பலவற்றுக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் போட்டுத்தான் பாலை உறைய வைக்கிறார்கள்.

பாரிஸில் கவலையே வேண்டாம். கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பகுதிக்குப் போனால் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். போர் துரத்த வந்தவர்கள் கட்டி எழுப்பிய தெரு அது. தோசை, இடியாப்பம், சொதி எல்லாம் கிடைக்கும். அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயமும் இருக்கிறது. அவின்யோனில் லே ஆல் என்ற மூடிய சந்தை காலையில் திறந்திருக்கும், திங்கள் விடுமுறை. வெளிச்சுவர் முழுக்கச் செடி வளர்ந்திருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கவையோன் முலாம்பழத்துக்கு அதுதான் பருவம். நீஸில் உங்களுக்கென்றே ஒரு பலகாரம் உண்டு, சோக்கா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, வேறொன்றும் இல்லை. நாலு பேர் கையை விரித்துப் பிடித்த மாதிரி அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று வரும்போது சுரண்டி எடுத்து, மிளகுத்தூளைத் தூவிக் காகிதத்தில் தருவார்கள். கையால் பிய்த்து நின்றபடியே சாப்பிட வேண்டியதுதான். ஆறவிடாதீர்கள், ஆறினால் வறண்டுவிடும்.

உணவகங்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரவு ஏழரைக்குமேல், இடையில் அடுப்பு அணைந்திருக்கும். மூன்று மணிக்குப் பசியோடு அலைந்தால்தான் வாய்ச்சண்டை வரும், அதனால் ஒரு பழமும் ரொட்டியும் எப்போதும் பையில் இருக்கட்டும். "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஷூர்" சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விலை கேட்டால் அவர்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

கோவைத் தோழி நன்றாக ஓட்டுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கார் வேண்டாம். வலப்பக்கச் சாலை, கியர் வலக்கையில், ஊருக்குள் பல சந்திப்புகளில் வலப்புறமிருந்து வருபவருக்கு முன்னுரிமை. ஐந்து பேரும் ஐந்து பெட்டியும் சாதாரணக் காரில் அடங்கவும் மாட்டார்கள். எல்லாவற்றையும்விட, ஓட்டுபவர் லாவண்டரைப் பார்க்க மாட்டார், சாலையைத்தான் பார்ப்பார். அவின்யோனிலிருந்து எட்டுப் பேர் அமரும் வேனில் ஓட்டுநரோடு போகும் பகல் பயணங்கள் இருக்கின்றன, ஒரு நாள் அதில் போய் வாருங்கள். வாலான்சோல் தூரம் என்று தோன்றினால், கோர்த் கிராமத்துக்கு அருகே பன்னிரண்டாம் நூற்றாண்டுச் செனாங்க் மடத்தின் முன்னாலேயே லாவண்டர் வரிசைகள் இருக்கும். அங்கே துறவிகள் இப்போதும் வாழ்கிறார்கள், சத்தம் போடாமல் பாருங்கள்.

ரயில் சீட்டு விற்பனை தொடங்கியதும் வாங்குங்கள், டிஜிவி விலை நாளாக ஆக ஏறும். பெட்டிகளில் பெயர்ச் சீட்டு ஒட்டுவது கட்டாயம்.

விசா பற்றி ஒரு வார்த்தை. விண்ணப்பம் குழுவாக இல்லை, ஆளுக்கு ஒன்று. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். நியூ ஜெர்சித் தோழி அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால் 90 நாள் வரை விசா தேவையில்லை, இந்தியக் கடவுச்சீட்டு என்றால் அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் கிடைக்காமல் போனால் மற்றவர்கள் போவதா, தள்ளிவைப்பதா? கேட்கவே கசப்பான கேள்விதான், இருந்தாலும் விண்ணப்பம் போடும் முன் ஐந்து பேரும் பேசி முடிவு செய்யுங்கள். அறைகளை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விதமாகவே பதிவு செய்யுங்கள்.

இன்று இரவே மதுரைத் தோழியைக் கூப்பிட்டு லூர்துக்கு இரண்டு இரவு அவருக்கென்று ஒதுக்கியாயிற்று என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், அவர் அங்கே மாதா உருவத்தில் வரும் பிளாஸ்டிக் பாட்டில்களில் ஊற்றுத் தண்ணீர் பிடித்து வருவார், உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ரயிலில் தடையில்லை. நீஸ் விமான நிலையத்தில் கைப்பையில் வைத்தால் அதிகாரிகள் எடுத்துவிடக்கூடும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஒரு பழைய துணியில் சுற்றி, பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.